இன்னைக்குக் குளத்துல இறங்க முடியாது ஆச்சி

காரைக்குடியைச் சுற்றிப் பழைய செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலாகிக்கொண்டு வருகின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். கடைசிக் கட்டைத் தாண்டிக் கொஞ்சம் காலி மனை கிடந்தால் போதும், அங்கே ஒரு நீச்சல் குளம் வந்துவிடும். அறை பதிகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். கோழி வறுவலும் ஆத்தங்குடிக் கல்லும் அப்புறம்தான்.

அப்படி ஒரு குளத்துக்கு நான் பொறுப்பு. புதுவயல் பக்கத்து ஆள். துபாயில் ஒரு ஓட்டலில் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். சம்பளப் பதிவேட்டில் டெக்னீஷியன், சமையற்கட்டில் குளத்துக்காரர். வேலையில் சேரும்போது சம்பளம் பேசுவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒன்று கேட்டேன். "குளத்தை மூடணும்னு நான் சொன்னா மூடிரணும். மேனேஜர் உங்ககிட்ட கேட்டு, நீங்க விருந்தாளி முகத்தைப் பாத்துன்னு இழுக்கக் கூடாது. சம்மதம்னா சேர்றேன்." அவர் கொஞ்சம் யோசித்தார். "எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அந்தத் தாள் இப்போதும் மோட்டார் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் புதிதாகக் குளம் வெட்டியவர்கள் வந்து "எவ்வளவு குளோரின் போடணும்?" என்று கேட்டால், முதலில் இதைத்தான் காட்டுகிறேன். கரையில் நின்று பார்க்கும்போது ஆழமான பக்கத்து அடி வடிகாலின் மூடி பளிச்சென்று தெரியாவிட்டால் மூடு. மோட்டார் நின்றால் மூடு. குளோரின் இறங்கிப் போயிருந்தால், வடிகால் மூடியில் ஒரு திருகாணி காணவில்லை என்றாலும் கூட, இடி கேட்டால், தண்ணீரில் மலமோ வாந்தியோ பட்டால், கரையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், மூடு. எதற்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மருந்து போடத் தெரிந்த ஆள் கிடைப்பான். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே கயிற்றைக் கட்டிக் குளத்தை மூடுகிற தைரியத்தை மட்டும் முதலாளிதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

காலையில் ஆள் வருவதற்கு முன் தண்ணீரைச் சோதிப்பேன். முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்குத் தள்ளி, சின்னக் குப்பியில் மொண்டுகொள்வேன். டிபிடி மாத்திரை ஒன்றைப் போட்டு நசுக்கிக் குலுக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற மஞ்சள் சொட்டு மருந்தை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வேலை செய்யத் தயாராக இருப்பது எவ்வளவு, அழுக்கோடு ஒட்டிப் பயனற்றுப் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மஞ்சள் நன்றாக வந்திருக்கிறதே என்று இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். தண்ணீரில் கிருமியைக் கொல்ல ஒன்றுமே மிச்சமிருக்காது.

எங்கள் குளத்தில் வேலை செய்யும் குளோரினை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கிறேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7.2க்கும் 7.6க்கும் இடையில். இந்தப் பி.எச். தப்பினால் கண் எரியும், அவ்வளவுதான் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவமாகப் பிரியும். அதில் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் கிருமியை வேகமாகக் கொல்லும். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது ஏறக்குறையப் பாதி அந்த வடிவில் இருக்கும். 8க்கு ஏறிவிட்டால் நாலில் ஒரு பங்குதான். அதாவது அதே குளோரின், அதே செலவு, பாதி வேலை. ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் திரவக் குளோரின் மருந்தும் பிளீச்சிங் வகையும் போடப்போடப் பி.எச்.சை ஏற்றும். அதனால் கொஞ்சம் அமிலமும் வாரத்துக்கு வாரம் தேவைப்படுகிறது.

சித்திரை வெயில் எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறந்த குளத்தில் மதிய வெயில் பட்டால் ஓரிரு மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதி போய்விடும். அதைத் தாங்கத்தான் ஸ்டெபிலைசர் என்று சயனூரிக் அமிலம் சேர்ப்பார்கள். கடையில் விற்கும் பெரிய வெள்ளை மாத்திரையில் அது ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரை கரையும்போதெல்லாம் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். குளோரின் செலவாகிவிடும், இது ஆகாது. அளவு மீறினால் குளோரினையே மந்தமாக்கிவிடும். அப்போது கொஞ்சம் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர நடைமுறையில் வேறு வழி கிடையாது. தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரில் இந்த வேலை மனசுக்கு வலிக்கும். அதனால் நான் மாத்திரையை அளவாகத்தான் தொடுகிறேன். ஹைப்போ கேனையும் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதில்லை, சூட்டில் அதுவும் வீரியம் இழந்துவிடும்.

"குளோரின் நாத்தம் ஜாஸ்தியா இருக்கே, இன்னைக்கு நிறையப் போட்டுட்டீங்களோ?" என்று கேட்பார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரின் அதிகமானதால் வருவது கிடையாது. வியர்வை, மூத்திரம் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை அது. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். அன்றைக்குக் குளோரின் கூடுதலாகத் தேவை என்று அர்த்தம். இதை விருந்தாளியிடம் நாசூக்காகச் சொல்வது தனிக் கலை. குளிக்காமல் இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறோம், யார் படிக்கிறார்கள்? இதில் எண்ணெய் ஆசாமிகள் தனி ரகம். ஓட்டலிலேயே மசாஜ் அறை இருக்கிறது. உடம்பெல்லாம் எண்ணெயோடு நேராக வந்து குதித்தால், தண்ணீர் மட்டத்தில் சுவரைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு விழும், மணல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பிரஷர் மீட்டர் வழக்கத்தைவிட அரை பார் ஏறினால் எதிர்த் திசையில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். இப்போது மசாஜ் அறைப் பெண்களிடமே சொல்லிவைத்திருக்கிறேன்: சீயக்காயோ சோப்போ போட்டுக் குளித்த பிறகுதான் குளத்துப் பக்கம் அனுப்ப வேண்டும்.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். ஆவணி முகூர்த்தம். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சொந்தமெல்லாம் ஊருக்கு வந்து ஓட்டல் முழுவதும் அவர்கள்தான். மதியம் பிள்ளைகள் குளத்தை நிறைத்துவிட்டார்கள். மூன்று வயதுக்குள் ஒரு குழந்தைக்கு, காலையிலிருந்தே வயிறு சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது, தண்ணீரிலேயே போய்விட்டது. கெட்டியாக இல்லை. பார்த்தவுடன் விசில் ஊதி எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கயிறு கட்டினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பெண்வீட்டுப் பெரிய ஆச்சி, கையில் விசிறியோடு.

"பச்சப்புள்ள செஞ்சது தம்பி. அள்ளி வெளிய ஊத்திட்டு, கொஞ்சம் மருந்தைப் போட்டு விட்டுருங்க. புள்ளைக அழுவுதுக."

"இன்னைக்குக் குளத்துல இறங்க முடியாது ஆச்சி. நாளைக்கும் முடியாது."

"நாங்கள்லாம் ஊரணியில குளிச்சு வளர்ந்தவுக. என்ன ஆயிப்போச்சு?"

"எந்த ஊரணியில ஆச்சி? குடிதண்ணி ஊரணியிலயா?"

ஆச்சி விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். செட்டிநாட்டுக் கிராமங்களில் குடிக்கிற ஊரணி வேறு, குளிக்கிற ஊரணி வேறு. குடிதண்ணீர் ஊரணியில் குளிக்கவோ துவைக்கவோ விடமாட்டார்கள், ஆடு மாடு இறங்கிவிடாமல் காவலுக்கு ஆள் போட்டிருப்பார்கள். பணக்காரச் செட்டியார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் காவல்காரர் கம்பை ஓங்கினால் கரையேற வேண்டியதுதான். "இதைப் புள்ளைக குடிக்கவும் செய்யுதுக ஆச்சி. நீந்துற புள்ள தண்ணியை முழுங்காம இருக்காது" என்றேன். ஆச்சி சிரித்துவிட்டார். "காவக்காரன்னு சொல்லு" என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர்தான் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் இரண்டு நாள் என்றால், கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. வயிற்றுப்போக்கு உள்ளவர் மலத்தில் கோடிக்கணக்கில் வெளிவரும். சாதாரண அளவுக் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் கூட உயிரோடு கிடக்கும். கெட்டியான மலம் என்றால் அள்ளிவிட்டு, குளோரின் 2 மில்லிகிராம், பி.எச். 7.5க்குள் என்று அரை மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போதும். பேதி என்றால் குளோரினை 20க்கு ஏற்றி 12 மணி 45 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. கணக்கு வைத்திருக்கிறது. ஸ்டெபிலைசர் கலந்த தண்ணீர் என்றால் அந்த நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், எங்கள் குளத்தில் கொஞ்சம் இருந்தது. குளம் சுமார் 90 ஆயிரம் லிட்டர். 20 மில்லிகிராம் ஏற்ற 1.8 கிலோ சுத்தக் குளோரின், 65 சதவீதக் கால்சியம் ஹைப்போ என்றால் கால் குறைய மூன்று கிலோவுக்குப் பக்கம், 2.8 கிலோ. நேரம் முடிந்த பிறகு ஃபில்டரை அலசி, அந்தத் தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் சாக்கடைக்கு அனுப்பி, அளவு 3க்குக் கீழே இறங்கிய பிறகே கயிற்றை அவிழ்த்தேன். அதற்குள் கல்யாணக் கூட்டம் ஊருக்குக் கிளம்பிவிட்டது.

மருந்து வைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமிலத்தையும் ஹைப்போவையும் ஒரே அறையில் வைப்பது, ஒரே குவளையால் மொள்வது, இரண்டும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. வேறு ஓர் இடத்தில் ஒரு பையன் அமிலம் மொண்ட குவளையைக் கழுவாமல் ஹைப்போ கேனுக்குள் விட்டதைப் பார்த்திருக்கிறேன். பச்சை மஞ்சளாகப் புகை கிளம்பியது. கதவு திறந்திருந்ததால் தப்பினான். கால்சியம் ஹைப்போவும் அந்த வெள்ளை மாத்திரையும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. எங்கள் முதலாளி முதலில் மூன்றாங்கட்டில் ஓர் அறையைக் காட்டினார். பர்மா தேக்குக் கதவு, மேலே இரும்பு உத்தரம். ஆவி பட்டே அந்த இரும்பு துருவேறிப் போகும் என்று சொன்ன பிறகுதான் வெளியே தனித்தனியாக இரண்டு சின்னக் கொட்டகை போட்டுத் தந்தார்.

ஆத்தங்குடிக் கல்லையும் குளத்தைச் சுற்றிப் பதிக்க ஆசைப்பட்டார். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடி மேல் வார்த்த வழவழப்பான சிமெண்டுக் கல், ஈரமானால் வழுக்கும், அமிலம் சிந்தினால் அரித்துவிடும். வளவில் போடுங்கள், குளத்தோரம் சொரசொரப்பான கல்தான் என்று பிடிவாதமாக நின்றேன்.

வடிகால் மூடிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று மேனேஜர் கேட்டார். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி விர்ஜீனியா கிரேம் பேக்கர் 2002இல் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். பெரியவர்கள் இழுத்தும் உடனே விடுவிக்க முடியவில்லை. அவள் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது, உறிஞ்சிப் பிடிக்காத மூடி கட்டாயம் என்று. எங்கள் குளத்தில் இரண்டு வடிகால்கள், தள்ளித்தள்ளி, ஒன்று அடைத்தாலும் மற்றொன்று இழுக்கும்படி. மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கரையிலேயே, யாரும் ஓடிப்போய் அமுக்கும் உயரத்தில். புடவை, துப்பட்டா, அவிழ்த்த நீளமான கூந்தல் இவற்றோடு இறங்க விடாததற்கும் இதுதான் காரணம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். உடம்பை மூடிய நீச்சல் உடைகளை ஓட்டலிலேயே வாடகைக்கு வைத்த பிறகு கோபம் குறைந்திருக்கிறது.

ஜக்குசிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னத் தொட்டி, சூடான தண்ணீர், நாலு பேர். குளத்தைவிட ஆபத்து அதிகம் என்று நான் நினைப்பது இதைத்தான். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர இதமான சூடு, குமிழியோடு வரும் சாரலை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா என்றால் இரண்டு நாளில் உடம்பெல்லாம் சிவப்புப் பருக்கள். சூட்டில் குளோரினும் சீக்கிரம் காலியாகும், அதனால் 3 மில்லிகிராமுக்குக் குறைய விடுவதில்லை, ஒரு நாளில் பலமுறை பார்க்கிறேன். 40 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை, 15 நிமிடத்துக்கு மேல் உட்கார விடுவதில்லை. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குடித்துவிட்டு வருகிறவர்களை இறக்குவதே இல்லை. வாரா வாரம் முழுவதும் இறக்கித் தேய்த்துக் கழுவுகிறோம்.

உரிமம், ஆய்வு என்று வரும்போது மிதவை வளையம், முதலுதவிப் பெட்டி, ஆழம் எழுதிய பலகை, தண்ணீர்ச் சோதனை அறிக்கை எல்லாம் கேட்பார்கள். நீச்சல் குளத் தண்ணீருக்கென்றே ஐ.எஸ். 3328 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, 2006இல் உலக சுகாதார நிறுவனமும் விரிவான வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தாள்களைப் பொறுத்தவரை எல்லோரும் பாஸ்தான். ஒருமுறை ஓர் ஆய்வகத்திலிருந்து மாதிரி எடுக்க வந்தவர் காலி மினரல் வாட்டர் பாட்டிலை நீட்டினார். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அதற்குள் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பாட்டிலுக்குள் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், ஆய்வகத்தில் திறக்கும்போது எந்தக் குளமும் சுத்தமாகத்தான் தெரியும். திருப்பி அனுப்பிவிட்டேன். "மத்த இடத்துல யாரும் இதெல்லாம் கேக்கலையே சார்" என்றார். அதுதான் எனக்குக் கவலை.

கரையில் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு ஒரே வேலைதான் கொடுக்க வேண்டும். டவல் மடிக்கிறது, ஜூஸ் கொண்டுபோவது எல்லாம் வேறு ஆள். தண்ணீரில் மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது. கையை வீசிக் கத்தும் என்று காத்திருந்தால் காரியம் முடிந்துவிடும். காப்பாற்றித் தூக்கியவுடன் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்று ஊரில் இன்னமும் செய்கிறார்கள். அதில் போவது நேரம்தான். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு நெஞ்சை அமுக்குவது, இன்னொருவர் 108க்கு போன். இதை எங்கள் சமையல்காரர் வரை பழக்கியிருக்கிறேன்.

கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததிலிருந்து போனில் அதையும் விசாரிக்கிறார்கள். நேக்லீரியா என்கிற அந்த அமீபா சூடான நன்னீரில் வாழ்வது, மூக்கு வழியாக ஏறுவது, குடித்தால் வராது. குளோரின் சரியாக உள்ள குளத்தில் அது நிற்காது. அன்றைய அளவுகளை வரவேற்பறைப் பலகையில் எழுதிவிடுகிறேன், நம்பிக்கை இல்லாதவர்கள் வந்து குப்பியில் மொண்டு பார்க்கலாம்.

முதலாளிக்கு இப்போது புது ஆசை. உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் எடுக்கும் கருவி வாங்கலாமா என்கிறார். அதற்குள் இருக்கும் டைட்டானியத் தகடு மாதிரியான மின்முனைகளில் நம் காரைக்குடி சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாக வேலை செய்திருக்கிறார்கள், வாங்கட்டும், எனக்கும் கேன் தூக்கும் வேலை குறையும். ஆனால் உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று விளம்பரம் எழுதினால் நான் கிழித்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். குழந்தைகளுக்குத் தனியாக முழங்கால் ஆழத்தில் ஒரு தொட்டி கட்டுவதும் பேச்சில் இருக்கிறது. பெரிய குளத்து மோட்டாரிலேயே குழாயை இணைத்துவிடலாம், செலவு மிச்சம் என்று காண்ட்ராக்டர் யோசனை சொன்னார். தனி மோட்டார், தனி ஃபில்டர் இல்லாமல் அந்தத் தொட்டியைத் திறக்க மாட்டேன் என்று கதவில் ஒட்டிய தாளிலேயே கூடுதலாக ஒரு வரி எழுதி முதலாளி மேஜையில் வைத்திருக்கிறேன். புதுக் கொட்டேஷன் வாங்கச் சொல்லியிருக்கிறார், கையெழுத்து இன்னும் வரவில்லை.